உத்தரையின் பொம்மைத் துணி

அண்ணன் பேரன் கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து திருப்பதிக்கு வந்தபோது துணிமணிப் பை ஒன்றும் படைப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்தான். வந்த அன்றே பெட்டியைத் திறந்து சாப்பாட்டு மேஜை மேல் வரிசையாக நிறுத்தினான். கட்டைவிரல் உயரமே உள்ள பிளாஸ்டிக் வீரர்கள். கவசம், தோள்பட்டை, கையில் துப்பாக்கி, சிலருக்கு வாள். எல்லாரும் ஒரே சாம்பல் நிறம்.

“இன்னாடா இது, எல்லாருக்கும் விபூதி பூசி வெச்ச மாதிரி?”

“நாமதான் பெயின்ட் அடிக்கணும் அத்தைப்பாட்டி. அதுக்குத்தான் வாங்கறதே.”

வார்ஹாமர் என்று பெயராம். இங்கிலாந்தில் நாட்டிங்காம் என்ற ஊரிலிருந்து வருகிறது. சட்டத்தோடு ஒட்டி வரும் துண்டுகளை வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டி, அப்புறம் மேஜை மேல் படையாக நிறுத்தி, இஞ்ச் டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டி விளையாட வேண்டும். ஆடுகிற நேரத்தைவிட வண்ணம் அடிக்கிற நேரம்தான் அதிகம் என்றான். அதிலும் அடிக்கிற நேரத்தைவிட என்ன வண்ணம் என்று யோசிக்கிற நேரம் அதிகம் என்பதை நான் பார்த்தே தெரிந்துகொண்டேன். நீலம் அடித்தால் அது ஏற்கெனவே பேர் பெற்ற ஒரு படை, சிவப்பு அடித்தால் இன்னொன்று. இவனுக்குத் தனக்கென்று ஒரு படை வேண்டும். பிரதானமாக ஒரு நிறம், துணைக்கு ஒன்று, அங்கங்கே பளிச்சென்று தெரிய ஒன்று, மூன்றுக்கு மேல் போகக் கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் ஒரே ஒரு பொம்மைக்கு அடித்துப் பார்க்க வேண்டும், பிறகு நாலடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். கடைசி வீரன் வரைக்கும் அலுக்காமல் அடிக்கக்கூடிய நிறமாகவும் இருக்க வேண்டும்.

குட்டிக் குட்டி பாட்டில்கள். ஒன்றைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். வாசனையே இல்லை. பெயின்ட் என்றால் நாற வேண்டாமோ? எனக்குத் தெரிந்த பெயின்ட்டுக்கு முதல் அடையாளமே வஜ்ஜிரம் காய்ச்சும் நாற்றம்தான்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு வஜ்ஜிரம் தெரிந்திருக்காது. மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி வடித்து, கட்டியாக்கி விற்பார்கள். தச்சர்கள் மரம் ஒட்டவும், பொம்மைக்காரர்கள் வண்ணப் பொடி குழைக்கவும் அதைத்தான் வைத்திருந்தார்கள். ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் டப்பாவோடு வெந்நீரில் இறக்கி, மெதுவாகக் கரைக்க வேண்டும். நேராக நெருப்பில் வைத்தால் கருகிப் பிடிக்காமல் போய்விடும். எங்கள் ஆயா அதை வீட்டுக்குள் விடமாட்டாள். புரட்டாசி அமாவாசைக்கு முன்னால், கிணற்றடியில் மூன்று கல் கூட்டி வஜ்ஜிரம் காய்ச்சினால் அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும், எங்கள் வீட்டில் கொலுப் பொம்மை பரணிலிருந்து இறங்கிவிட்டது என்று.

சித்தூரில் கட்டமஞ்சிப் பக்கம் எங்கள் வீடு. நைனாவுக்குக் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா வேலை. ஆயா பிறந்தபோது வட ஆற்காடு ஜில்லாவுக்கே சித்தூர்தான் தலைமையிடம். 1911இல் சித்தூர் தனி ஜில்லாவானது. 1953இல் ஆந்திரத்தோடு போனது. 1960 ஏப்ரலில் திருத்தணி மட்டும் மதராஸ் பக்கம் திரும்பியது. இத்தனைக்கும் ஆயா திண்ணையை விட்டு இறங்கவில்லை. பால்காரரிடம் தெலுங்கு, பூக்காரியிடம் தமிழ், மாட்டிடம் இரண்டும்.

அந்தக் காலத்தில் கொலுப் பொம்மை வருஷத்துக்கு ஒன்றுதான் புதுசு. மற்றதெல்லாம் பழசு, ஆனால் பழசாகத் தெரியக் கூடாது. மூக்கு உடைந்த செட்டியாருக்கு மாவு வைத்து மூக்கு, வெளுத்துப்போன கிருஷ்ணனுக்குத் துணிக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பு வெள்ளையில் குழைத்து இன்னொரு பூச்சு. தெருக்கோடியில் கடைகளுக்குப் போர்டு எழுதும் பெயின்டர் மாமா இருந்தார். மேலே தெலுங்கு, கீழே தமிழ் என்று ஊரெல்லாம் அவர் எழுத்து. புரட்டாசியில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்து கண்ணும் மீசையும் மட்டும் எழுதிக் கொடுப்பார். மற்றதெல்லாம் நாங்கள். கூலி என்று பேசியதில்லை. வெற்றிலை பாக்கோடு ஒரு வேட்டி.

படை எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு மழை வருஷத்தில்.

நைனாவுக்கு ரொம்ப நாளாக ஆசை, குருக்ஷேத்திரம் வைக்க வேண்டும் என்று. ஊருக்கு வெளியே குயவர் வீட்டில் சொல்லிவைத்தார். காலாள், குதிரை, யானை, தேர், அப்புறம் பெரியவர்களாக ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். நவராத்திரி நெருங்கியும் பொம்மை வரவில்லை. நைனா போய்ப் பார்த்தால், சுட்டு அடுக்கியிருக்கிறது, ஆனால் சிவந்த மண்ணாகவே இருக்கிறது. மழை விடாமல் பெய்ததில் வண்ணம் காயாது என்று அவர் தொடவே இல்லை. வேண்டுமானால் அப்படியே எடுத்துப் போங்கள், விலையில் குறைத்துக்கொள்கிறேன் என்றார். நானும் அண்ணனும் கூடப் போயிருந்தோம். கூடையில் வைக்கோல் பரப்பி ஒவ்வொன்றாக அடுக்கும்போது அவர் கேட்டார்: “எவரு மனவாள்ளு, எவரு வாள்ளு? மீரே செப்புக்கோவாலி.” யார் நம்மவர்கள், யார் அவர்கள் என்பதை நீங்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டுமாம். அதற்குக் காரணம் இருந்தது. காலாளுக்கு ஒரே அச்சு, குதிரைக்கு ஒரே அச்சு. பாண்டவர் பக்கத்து வீரனும் கௌரவர் பக்கத்து வீரனும் ஒரே மூஞ்சி, ஒரே மீசை, ஒரே தொப்பை.

அன்று ராத்திரி கூடத்தில் பெரிய சபை. நைனா ஆபீஸ் மனிதர். சிவப்புப் பென்சில் ஒரு பக்கம், நீலப் பென்சில் ஒரு பக்கம், விஷயம் முடிந்தது என்றார். பாண்டவர் நீலம், கௌரவர் சிவப்பு. அண்ணனுக்கும் அதுதான் சரியென்று பட்டது. கோடையில் தர்மராஜர் கோயிலில் பாரதம் நடந்தபோது பார்த்ததை வைத்துப் பேசினான். எங்கள் ஜில்லாவில் தர்மராஜர் கோயில் என்றும் திரௌபதி அம்மன் கோயில் என்றும் சொல்லும் இடங்களில் பகலில் பாரதக் கதையும் ராத்திரியில் கூத்துமாக நாள்கணக்கில் நடக்கும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசியில் மைதானத்தில் மண்ணைக் குவித்துத் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைப்பார்கள், ஒரு வீட்டு நீளத்துக்கு. அதற்கும் வண்ணம் உண்டு. சுண்ணாம்பு, காவி, கரி. பீமன் தொடையில் அடிக்க, உள்ளே வைத்திருக்கும் சிவப்புத் தண்ணீர் வழிய, திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தல் முடிப்பாள். சாயங்காலம் தீமிதி. ஜனங்கள் அந்த மண்ணைப் பிடி பிடியாக அள்ளிப் போவார்கள்.

துரியோதனனைச் சிவப்பில்தான் எழுத வேண்டும் என்பது அண்ணன் கட்சி. காளஹஸ்தியில் வேலை பார்த்த சித்தப்பாவும் அதையே சொன்னார். அங்கே கலம்காரித் துணியில் எழுதுகிறவர்கள் தெய்வத்துக்கு நீலம், பெண்களுக்கு மஞ்சள், அசுரருக்குச் சிவப்பும் பச்சையும் வைப்பார்கள், அது காலங்காலமாக வந்த முறை என்றார். நைனாவுக்குப் பரம திருப்தி. கலெக்டர் ஆபீசும் காளஹஸ்தியும் ஒத்துப்போய்விட்டன.

ஆயா அதுவரை பேசாமல் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். “துரியோதனன் இன்னா அசுரனா? ரெண்டு பக்கமும் ஒரே வூட்டு ஆளுங்க. பங்காளிங்க. மூஞ்சிக்கு வேற வேற கலர் அடிச்சா, அது யார் வூட்டுப் புள்ளைங்கன்னு கேக்க மாட்டாங்களா?”

சபை கலைந்தது. முடிவில்லை.

மறுநாள் பூச்சு வேலை தொடங்கியது. சுட்ட மண் வண்ணத்தைக் குடித்துவிடும். அதனால் முதலில் வெள்ளை அடிக்க வேண்டும். பெயின்டர் மாமா வருவதற்குள் முடித்துவிடலாம் என்று அண்ணனும் தம்பியும் சுவருக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்பையே கரைத்து எல்லா வீரர்களையும் முக்கி எடுத்தார்கள். கர்ணனுக்கு மட்டும் மஞ்சள் வேட்டி என்று தம்பிக்கு எங்கிருந்தோ தோன்றியிருக்கிறது. பொடி வண்ணத்தில் மஞ்சள் தீர்ந்துபோயிருந்தது. சமையலறையில் போய் மஞ்சள் தூளை எடுத்துக் குழைத்துப் பூசினான். கண்ணெதிரே கர்ணன் இடுப்பிலிருந்து முழங்கால் வரை சிவந்துபோனான். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதை வருஷம் முழுக்கப் பார்க்கிற வீடு. இருந்தும் தம்பி, “பூதம் பூதம்” என்று கத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினான். பெயின்டர் மாமா வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, எல்லாரையும் தேய்த்துக் கழுவச் சொன்னார். சாக்குக்கட்டி மாவை வஜ்ஜிரத்தில் குழைத்துப் பூசினால்தான் மேல் வண்ணம் மாறாமல் நிற்கும், உதிராது. படை மறுபடி திண்ணையில் வரிசையாகக் காய்ந்தது.

எனக்கு இதிலெல்லாம் பங்கில்லை. என் வேலை மரப்பாச்சி. ஆயாவின் கல்யாணச் சீரோடு வந்த ராஜா ராணி ஜோடி, திருப்பதிச் செம்மரத்தில் செதுக்கியது. கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கத்துக் கடைகளில் அப்போது அது சாதாரணமாகக் கிடைக்கும். சேஷாசல மலைக்காட்டு மரம். வைரம் பாய்ந்து அதுவே சிவப்பாக இருப்பதால் அதற்கு வண்ணம் தேவையில்லை. வருஷா வருஷம் புதுத் துணி மட்டும் கட்ட வேண்டும். அந்த வருஷம் எல்லாரும் படை படை என்று அலைந்ததில் என் பொம்மைக்குத் துணி வாங்க ஒருவரும் நினைக்கவில்லை. நான் ஒரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பாகவதர் வந்தார்.

கோயிலில் பாரதம் சொல்லும் பெரியவர். தெலுங்கில் கதை, நடுவில் எங்களைப் போன்றவர்களுக்காகத் தமிழ். நைனா அவரை வழக்குத் தீர்க்கவே வரவழைத்தார் என்று நினைக்கிறேன். காபி குடித்துவிட்டு, திண்ணையில் வெள்ளை வெளேரென்று நின்ற சேனையைப் பார்த்தார். நைனா சிவப்பு, நீலம் சொன்னார்; சித்தப்பாவின் முறையைச் சொன்னார்; ஆயாவின் ஆட்சேபத்தையும் மறைக்காமல் சொன்னார். பெரியவர் என்னைக் காட்டி, “இந்தக் கேள்வியை இவளிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?” என்றார். அப்புறம் விராட பர்வம் சொன்னார்.

கௌரவர்கள் விராடனின் பசுக்களைக் கவர வருகிறார்கள். விராடனின் மகன் உத்தரன் போருக்குக் கிளம்புகிறான். பேடி உருவில் பிருகன்னளையாக இருக்கும் அர்ச்சுனன் தேரோட்டியாகப் போகிறான். அப்போது உத்தரனின் தங்கை உத்தரை ஒன்றே ஒன்று கேட்கிறாள். ஜெயித்துவிட்டு வரும்போது பீஷ்மர், துரோணர் முதலியவர்கள் உடுத்தியிருக்கும் நல்ல துணிகளைக் கொண்டுவா, என் பொம்மைகளுக்கு வேண்டும் என்று. போர்க்களத்தில் அர்ச்சுனன் சம்மோகன அஸ்திரம் விடுகிறான். எதிர்ப்படை முழுவதும் மயங்கிக் கிடக்கிறது. அவனுக்கு அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வருகிறது. உத்தரனைப் பார்த்து, இறங்கிப் போய் எடுத்துவா என்கிறான். துரோணருக்கும் கிருபருக்கும் வெள்ளை. கர்ணனுக்கு மஞ்சள். அசுவத்தாமனுக்கும் துரியோதனனுக்கும் நீலம். பீஷ்மர் பக்கம் மட்டும் போகாதே; அவருக்கு இந்த அஸ்திரத்துக்கு மாற்றுத் தெரியும், அவர் மயங்கவில்லை.

“யார் யாருக்கு என்ன நிறமென்று பொம்மைக்குத் துணி கேட்ட பெண்ணால்தானே நமக்குத் தெரிந்தது?” என்றார் பெரியவர். தம்பி துள்ளிக் குதித்தான். கர்ணனுக்கு மஞ்சள் என்று அவன்தானே முதலில் சொன்னது!

துரியோதனனுக்கு நீலம் என்றதும் நைனா முகம் தொங்கிவிட்டது. அப்படியானால் கிருஷ்ணனையும் அவனையும் எப்படிப் பிரிப்பது? பெரியவர் அடுத்த கணக்கை எடுத்தார். ஆளைப் பார்க்காதே, குதிரையைப் பார், கொடியைப் பார். துரோண பர்வத்தில் யார் தேரில் என்ன நிறக் குதிரை என்று வரிசையாக வருகிறது. அர்ச்சுனனுக்கு வெள்ளை, துரோணருக்குச் சிவப்பு, திருஷ்டத்யும்னனுக்குப் புறா நிறம், சாத்யகிக்கு வெள்ளி. கொடி இன்னும் சுலபம். அர்ச்சுனனுக்கு அனுமன், தருமருக்கு முரசு, பீமனுக்குச் சிங்கம். அந்தப் பக்கம் துரியோதனனுக்கு அரவம், பீஷ்மருக்குப் பனை, கர்ணனுக்கு யானை கட்டும் கயிறு. தூசியும் புகையுமாக இருக்கிற இடத்தில் மூஞ்சி யாருக்குத் தெரியும், கொடிதான் தெரியும் என்றார். ஆயா பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “நான் இன்னா சொன்னேன்?” என்றாள். மூஞ்சிக்கு ஒரே நிறம் என்பது அப்படி நிலைத்தது.

அன்று சாயங்காலம் பிடித்தது மழை. மூன்று நாள் விடவில்லை. ஊரில் மழை இல்லாவிட்டால் விராட பர்வம் படிக்க வைப்பது வழக்கம். பெயின்டர் மாமா காயாத குதிரைகளைக் கையில் வைத்துக்கொண்டு, “புரட்டாசி மாசத்துல யாருங்க அவரை விராட பர்வம் சொல்லச் சொன்னது?” என்று நைனாவைக் கேட்டார். கடைசியில் சமையலறை அடுப்பைச் சுற்றிப் படை காய்ந்தது. வஜ்ஜிர நாற்றத்தை ஆயா அந்த ஒரு வருஷம் பொறுத்துக்கொண்டாள்.

மாமா கண் எழுதியது நவராத்திரிக்கு முந்தின ராத்திரி. எல்லா வேலையும் முடிந்து, விளக்கேற்றி, கற்பூரம் காட்டின பிறகே கண்ணுக்கு வருவார். அணில் முடித் தூரிகையை நாக்கில் வைத்துக் கூராக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தொடல். கண் எழுதின பொம்மையை அப்புறம் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது. பேரன் இந்த விஷயத்தில் நேர் எதிர். அவன் கண்ணைத்தான் முதலில் முடிக்கிறான். உள்ளே இருப்பதை முதலில் எழுதிவிட்டால், வழிந்ததை முகத்து நிறத்தால் மூடிவிடலாம் என்கிறான். நியாயம்தான். ஆனால் கண் திறந்த பிறகு அந்த ஆள் முன்னால் உட்கார்ந்து அவன் மூக்குக்குப் பெயின்ட் அடிப்பது எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

குதிரைக் கணக்கை அவனிடம் சொன்னேன். ரொம்ப ஆர்வமாகக் கேட்டான். அவனும் ஒன்று சொன்னான். பிரஷ்ய நாட்டு ராணுவத்தில் 1820களில் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் படை விளையாட்டு ஒன்று வைத்தார்களாம். தங்கள் படைக்கு நீலக் கட்டைகள், எதிரிக்குச் சிவப்பு. இன்றைக்கும் ராணுவ வரைபடங்களில் நம் பக்கம் நீலம், எதிர்ப்பக்கம் சிவப்பு என்று குறிக்கிற வழக்கம் இருக்கிறது என்றான். நைனாவின் பென்சில் ஞாபகம் வந்து சிரித்தேன். நான் பதிலுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தவுலத் மாளிகைச் சுவரைச் சொன்னேன். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரோடு போனது. 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் வெள்ளைக்காரப் படையைத் தோற்கடித்ததைச் சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். நடுவில் சிவப்புக் கோட்டு போட்டவர்கள் கட்டம் கட்டி நிற்கிறார்கள், சுற்றிலும் மைசூர்க் குதிரைகள். தோற்ற பக்கத்தைச் சிவப்பு காட்டிக் கொடுக்கிறது. அந்த ஹைதர் இரண்டு வருஷம் கழித்து எங்கள் சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயனிப்பேட்டையில்தான் இறந்தார் என்றேன். “உங்க ஊர்ல எல்லாமே நடந்திருக்கு” என்றான் கிண்டலாக.

அவன் வந்தது மே மாதம். திருப்பதியில் அது தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை நேரம். கூட்டிப் போனேன். முதல் வேஷம் பைராகி. உடம்பெல்லாம் வெள்ளை மண். அடுத்தது பண்ட வேஷம், குங்குமம். அப்புறம் தோட்டி வேஷம், கரி. பிறகு தொர வேஷம், சந்தனம். குழந்தை, கிழவன், ஆபீஸ் போகிறவன் எல்லாரும் பூசிக்கொண்டு வேப்பிலையோடு தெருவில் போகிறார்கள். ஊர்ப் பெண்களை வதைத்த பாலேகாடு என்ற பாளையக்காரன் கங்கம்மாவுக்குப் பயந்து ஒளிந்துகொண்டான்; அவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேஷம் போட்டாள்; தொர வேஷத்தில் வந்தபோது தன் தொரைதான் என்று நம்பி வெளியே வந்தான், தலை போனது என்று கதை. வேஷக்காரர்கள் அன்றைக்கு யாரையும் வாய்க்கு வந்தபடி திட்டலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. பேரன் வாங்கிக்கட்டிக்கொண்டான், புரியாததால் கும்பிட்டுவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் மேஜையில் உட்கார்ந்தான். ஒரு வரிசைக்கு மங்கின வெள்ளை, ஒரு வரிசைக்குக் குங்குமச் சிவப்பு, ஒரு வரிசைக்குக் கரி, தலைவனுக்கு மட்டும் சந்தன நிறம். மூன்றுக்கு மேல் போகக் கூடாது என்றாயே என்று கேட்டதற்கு, “ஒரே ஆள் போடற வேஷம்தானே அத்தைப்பாட்டி” என்றான். நாலடி தள்ளி நின்று பார்த்தேன். எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

எங்கள் படையில் தீராமல் நின்ற வழக்கு பீஷ்மர். மற்றவர்களுக்கு விராட பர்வம் துணி கொடுத்துவிட்டது. இவர் துணியை ஒருவரும் தொடவில்லை. நைனா வெள்ளை என்றார். தாடி வெள்ளை, குதிரை வெள்ளை, வேட்டியும் வெள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டும். வெள்ளையைத்தான் துரோணருக்குக் கொடுத்தாகிவிட்டதே என்றான் அண்ணன். அம்மா காவி என்றாள். பெயின்டர் மாமா பச்சை டப்பா நிறைய மீந்திருக்கிறது என்று தன் கட்சியைச் சொன்னார். வண்ணம் அடிக்காமல் மண்ணாகவே விடலாமென்றால், அரைகுறைப் பொம்மையைக் கொலுவில் வைப்பது மூளி, கூடவே கூடாது. அவர் மட்டும் மாவுப் பூச்சோடு கூடையில் கிடந்தார்.

ஆயாதான் எழுந்து போய் என் மரப்பாச்சி ராஜாவை எடுத்து வந்தாள். “இவருக்கு எவனும் கலர் அடிக்க முடியாது. இவர்தான் பீஷ்மரு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ராஜா போய்விட்டால் ராணி என்ன செய்வாள்? பிரம்மச்சாரிக்கு ராணி எதற்கு என்றான் அண்ணன். அழுகையை நிறுத்த ஆயா பெட்டியைத் திறந்து மூன்று துண்டு கொடுத்தாள். நைனாவின் பழைய மல் வேட்டியிலிருந்து வெள்ளை, அத்தையின் ரவிக்கைத் துணியில் மிஞ்சிய மஞ்சள், ஒரு நீலப் பட்டுக் கிழிசல். ராணிக்கு மூன்றும் கட்டினேன். உத்தரைக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்தது என்று அந்த வயதில் கர்வமாக இருந்தது. மண் பீஷ்மர், கேட்பாரில்லாமல், அடுத்த வருஷம் பச்சை அடித்துத் தோட்டக்காரர் ஆனார்.

கொலு பார்க்க வந்தவர்கள் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படியின் முன்னால்தான் நின்றார்கள். தெலுங்கு வீட்டு அம்மாக்கள் கொடியைப் பார்த்து ஒவ்வொருவராகப் பேர் சொன்னார்கள். கூத்துப் பார்க்கிற எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. கடலோர ஆந்திரத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம், சங்கராந்திக்குக் கொலு வைக்கிறவர்கள், கர்ணன் வேட்டியின் மஞ்சளைப் பார்த்துவிட்டு எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தார்கள். தம்பி ஒன்பது நாளும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

விஜயதசமி ராத்திரி ஆரத்தி எடுத்துவிட்டு ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் எப்போதும் மரப்பாச்சி ராஜாதான். ஆயா கையில் எடுத்ததும் அண்ணன் கத்தினான்: “ஆயா, பத்தாம் நாள்! பீஷ்மர் விழுந்ததும் பத்தாம் நாள்தான்!” பாகவதர் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. அப்புறம் அவரை வெறும் பாயில் எப்படிப் படுக்க வைப்பது? அம்புப் படுக்கை வேண்டும். தம்பி ஓடிப்போய்த் துடைப்பத்திலிருந்து குச்சி உருவினான். அம்மா கொலு முன்னால் துடைப்பக் குச்சியா என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து விழுந்த கீற்றைத் தேடி, இருட்டில் லாந்தர் பிடித்துக்கொண்டு ஈர்க்கு கிழித்து வந்தோம். களிமண் இல்லை, சப்பாத்தி மாவைத் தட்டி அதில் குத்தி வைத்தோம். காலையில் பார்த்தால் பீஷ்மரைத் தள்ளிவிட்டு எலி மாவைத் தின்றிருந்தது.

அந்த மரப்பாச்சி இப்போது என்னிடம் இருக்கிறது. குதிரைகளில் உடையாதவை அண்ணன் வீட்டில். பெட்டி மாறி மாறி வைத்ததில் கொடிகள் எங்கேயோ போய்விட்டன. சென்ற நவராத்திரியில் அண்ணி போன் செய்து, புறா நிறக் குதிரை ஒன்று இருக்கிறதே, அது யாருடையது, எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று கேட்டாள். திருஷ்டத்யும்னன், பாண்டவர் பக்கம் என்றேன். “உங்க அண்ணன் சகுனிங்கறாரு” என்றாள். போனை அவரிடம் கொடு என்றேன். அரைமணி நேரம் பேசினோம்.